சத்து மாத்திரை

பதினோரு பேருக்கு ஒரே செல் நம்பர். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவைப் பார்க்கிற சொர்ணலதாவின் பதிவேட்டில் அக்கம்மாள் பெயருக்கு நேரே எழுதியிருந்ததும் அந்த நம்பர்தான். ரேஷன் கடையோ, பேங்க்கோ, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமோ, யார் கேட்டாலும் ஒரே ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அதையே சொல்லிவைப்பார்கள். நம்பருக்குச் சொந்தக்காரன் ஜீப் டிரைவர் சுருளியாண்டி. விடிவதற்கு முன்னால் தெருமுனையில் ஹாரன் அடித்து எழுப்புகிறவன் அவன், மலையேற்றி இறக்குகிறவன் அவன். உலகத்துக்குத் தங்களிடம் ஏதாவது வேலை இருந்தால் அவன் வழியாகவே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஜீப் ஓடுகிற காலத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

ஜீப் ஓடவில்லை. ஊரடங்கு போட்டு இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. அந்தப் புதன்கிழமை காலையிலிருந்து சொர்ணலதா அதே நம்பருக்கு ஆறு முறை அடித்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் முதலில் யாரோ லொக்கு லொக்கென்று இருமினார்கள், பிறகு கை கழுவச் சொன்னார்கள், பிறகு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இருமலைக் கேட்டுக் கேட்டே பதினான்கு வருஷம் சம்பளம் வாங்கியவள் அவள். கொரோனா எச்சரிக்கைக்காக அரசாங்கம் போனில் வைத்திருந்த அந்த இருமல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அக்கம்மாளிடம் இன்னும் நான்கு நாளைக்குத்தான் மாத்திரை இருக்க வேண்டும். மார்ச் இருபத்திரண்டாம் தேதி, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, புதுப்பட்டிக்கு ஸ்கூட்டியில் போய் மூன்று அட்டை மாத்திரையை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தது சொர்ணலதாதான். நாளுக்கு மூன்று மாத்திரை, இருபத்தெட்டு நாளுக்குக் காணும். மறுநாள் அக்கம்மாள் ஜீப்பேறினாள். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒரு வாரம் தங்கி ஏலச்செடிக்குக் கவாத்து வெட்டுகிற வேலை. அதற்கு அடுத்த நாள் நாட்டையே பூட்டிவிட்டார்கள். போன பதினோரு பெண்களும் மலைக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள்.

ஆறு மாத வைத்தியத்தில் நான்கு மாதம் முடிந்திருந்தது. அக்கம்மாள் ஒரு நாள்கூட விட்டதில்லை. இன்னும் இரண்டே மாதம் விடாமல் விழுங்கிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். இடையில் விட்டால் நோய் திரும்பும். அரைகுறையாக அடிபட்டுத் திரும்புகிற கிருமி அதற்குப் பிறகு அந்த மருந்துக்கு மசியாது. வேறு மருந்து இருக்கிறது, ஊசியும் மாத்திரையுமாக வருஷக்கணக்கில். அதைப் போட்டுக் காது கேட்காமல் போனவர்களைச் சொர்ணலதா நேரில் பார்த்திருக்கிறாள். செத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறாள்.

அவள் உட்காரும் அறையின் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. இரண்டாயிரத்து இருபத்தைந்துக்குள் காசநோயை ஒழிப்போம். சுவரில் ஒட்டுவதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவள். ஆனால் இதை மட்டும் நம்பினாள். அவள் வட்டாரத்தில் வருஷா வருஷம் நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள், பாதியில் மருந்தை விட்டவர் என்று இரண்டு வருஷமாக ஒருத்தர் இல்லை. அப்போதுதான் கொரோனா வந்தது. மற்ற நோய்களுக்கெல்லாம் லீவு விட்டுவிட்டார்கள், நோய்களிடம்தான் யாரும் சொல்லவில்லை. தனிமைப்படுத்திய வீடுகளில் நோட்டீஸ் ஒட்ட அவளைப் போட்டார்கள். சளி சோதிக்கிற மெஷினைப் போன வாரம் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதிலேயே கொரோனாவும் பார்க்கலாமாம். மெஷின் இருந்த மேஜையில் இப்போது சானிடைசர் கேன்கள் நின்றன.

கேரளப் பக்கத்துச் சுகாதார ஊழியர் ஒருவரிடமும் பேசிப் பார்த்தாள். தங்கமான மனுஷன். எந்த எஸ்டேட் என்று சொல்லு சேச்சி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். எந்த எஸ்டேட் என்பதுதான் சுருளியாண்டியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

ஏழாவது முறைக்கு எடுத்தான்.

"தம்பி, புதுப்பட்டி அக்கம்மாவ எந்தத் தோட்டத்துல விட்டீக?"

"நான் யாரையும் எங்கனயும் விடல மேடம். வண்டி ஷெட்டுல நிக்கிது. போலீசு வந்து பாத்துட்டுப் போயிட்டாக."

"நான் கேஸ் போடக் கூப்பிடல. ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். அந்த அக்காவுக்கு மாத்திரை குடுக்கணும்."

"மாத்திரையா? அதுக்கு என்ன சீக்கு?" அவன் குரலே மாறிவிட்டது. "கொரோனாவா மேடம்? மூணு மணி நேரம் எம்பின்னாடிதான் ஒக்காந்து வந்துச்சு அது."

டி.பி. என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அந்த ஜீப்பைப் பற்றிச் சொர்ணலதாவுக்குத் தெரியும். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் டிரைவரோடு பன்னிரண்டு பேர், முட்டியோடு முட்டி இடிக்க, ஒருத்தி மூச்சை இன்னொருத்தி இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஜீப்பில் ஒருத்திக்கு டி.பி. என்று தெரிந்து இறக்கிவிட்டார்கள். குணமான பிறகும் ஏற்றவில்லை. ஜீப்பில் இடம் போனால் தோட்டத்தில் வேலை போயிற்று, வேலை போனால் அடுப்பு எரியாது. அதனால்தான் டிசம்பரில் முதல் அட்டையைக் கொடுத்தபோதே அக்கம்மாளிடம் சொல்லிவைத்திருந்தாள், யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லிவிடு என்று. நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்வது அரசாங்க விதி. சத்து மாத்திரை என்ற பொய் சொர்ணலதாவின் சொந்தச் சரக்கு.

"சீக்கெல்லாம் ஒன்னும் இல்ல தம்பி. ரத்தம் கொறவா இருக்கு, சத்து மாத்திரை குடுக்குறோம். விட்டுப்போயிரக் கூடாது."

"சத்து மாத்திரைதானா." பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "நான் பயந்தே போனேன். தோட்டத்துப் பேரு மட்டும் கேக்காதீக மேடம், ஊரடங்குல ஆள வச்சிருக்காகன்னு மேஸ்திரியும் சேந்து மாட்டிக்கிருவாரு. நான் சொல்லி விடுறேன். வெள்ளிக்கிழமை காலைல அடிவாரத்துக்கு வந்துரும். காட்டுப் பாதை அதுகளுக்குத் தெரியாததா."

"அக்கம்மா மட்டும் வந்தாப் போதும்."

"சரி மேடம், சரி மேடம்," என்று வைத்துவிட்டான். காதில் வாங்கினானா என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அடிவாரச் சோதனைச்சாவடியில் டூட்டி போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் விரும்பிக் கேட்காத டூட்டி அது, கேட்டதும் கிடைத்தது. சாவடிக்குப் பொறுப்பு சுகாதார ஆய்வாளர் வினோத்ராஜ். முப்பது வயதுதான் இருக்கும். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பதால் மூன்று வாரமாக வீட்டுக்கே போகாமல் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்துக் கிடந்தான். தூக்கமில்லாத கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ரோட்டோரத்தில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். காய்கறி லாரிகள் ஒன்றிரண்டு போயின. சொர்ணலதா தோள்பையை மாரோடு அணைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி நின்றாள். பையில் ஒரு மாதத்துக்கான அட்டைகள் செய்தித்தாளில் சுற்றி இருந்தன.

எட்டு மணிக்குப் புளியந்தோப்புக்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது. அக்கம்மாள் இல்லை, வேறொருத்தி. பின்னால் இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர், மூன்று பேர். மூட்டையும் தூக்குவாளியும் குச்சியுமாக, கால் முழுக்கக் கீறலோடு, பதினோரு பேரும் இறங்கி வந்தார்கள். கடைசியில் வந்தவள் அக்கம்மாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்தபடி சுருளியாண்டி, நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு கையைத் தூக்கிக் காட்டினான்.

சொர்ணலதா தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"யாரும்மா நீங்க எல்லாம்?" வினோத்ராஜ் ஓடி வந்தான். "எங்க இருந்து வர்றீங்க? பாஸ் இருக்கா?"

எல்லோருக்கும் மூத்தவள் மூக்கம்மாள். கூட்டத்துக்குப் பேசுகிறவளும் அவள்தான். "மேல இருந்துதான் வர்றோம் சார். இங்கன சத்து மாத்திரை குடுக்குறாகன்னு ட்ரைவர் சொல்லி விட்டாப்ல. வாங்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருவோம்."

"கேரளாவுல இருந்தா?" அவன் இரண்டடி பின்னால் போனான். "வட்டத்துல நில்லுங்க. ஆளுக்கொரு வட்டம். யாரும் நகரக் கூடாது." போனை எடுத்து வேனுக்குச் சொன்னான். பிறகு சொர்ணலதாவைப் பார்த்தான். "அக்கா, நீங்க வரச் சொன்னீங்களா இவங்களை?"

"ஒருத்தரத்தான் வரச் சொன்னேன்."

"ஒருத்தரை மட்டும் வரச் சொல்லலாமா? பார்டர் மூடியிருக்கு. கலெக்டர் ஆபீஸுக்கு நான் என்ன பதில் சொல்றது? பதினோரு பேரையும் பதினாலு நாள் முகாம்ல வைக்கணும்."

முகாம் என்ற சொல் வட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தி அழத் தொடங்கினாள். சுருளியாண்டி வண்டியைத் திருப்பப் பார்த்தான், சாவடிப் போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சொர்ணலதா வினோத்ராஜைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். அக்கம்மாள் டி.பி. நோயாளி, மருந்து தீரப்போகிறது, கூட வந்தவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது.

அவன் வட்டங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானே பேசிப் பாஸ் வாங்கியிருப்பேன்லக்கா," என்றான். அதில் கோபம் குறைந்திருந்தது, அதனால்தான் அவளுக்கு அதிகம் சுட்டது. ரகசியத்தைக் கட்டிக் காப்பதிலேயே குறியாக இருந்து, கேட்க வேண்டியவனிடம் கேட்கத் தோன்றவில்லை.

"அந்த அம்மாகிட்டக் குடுக்குறதைக் குடுத்துருங்க. யாரும் பாக்காம. வேன் வர இருபது நிமிஷம் ஆகும்."

வரிசையின் கடைசி வட்டத்தில் அக்கம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. நான்கு மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தாள், சொர்ணலதாவே எடை பார்த்து எழுதியிருந்தாள். அந்தச் சதையெல்லாம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ரவிக்கை தோளில் தொங்கிற்று. அடுத்த வட்டத்தில் முத்துலட்சுமி என்ற இளம்பெண். இருபத்து மூன்று வயது, வீட்டில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனவள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வினோத்ராஜ் துப்பாக்கி மாதிரி இருந்த மெஷினை அவள் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தான், காய்ச்சல் இருந்தது. போலீஸ்காரர் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

சொர்ணலதா அக்கம்மாளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "எப்படிக்கா இருக்க? பழைய அட்டையில எத்தனை மிச்சம்?"

"இருக்கு சிஸ்டர்."

"எத்தனை இருக்கு?"

அக்கம்மாள் தரையைப் பார்த்தாள். சொர்ணலதா மேற்கொண்டு அதைக் கேட்கவில்லை. அவளுக்கு வேறொரு கேள்வி உண்டு, எந்த நோயாளியும் பொய் சொல்ல நினைக்காத கேள்வி. அந்த மாத்திரை தின்றால் சிறுநீர் செக்கச் செவேலென்று போகும், தின்னாவிட்டால் போகாது.

"ஒன்னுக்கு எப்படிப் போகுது?"

"நல்லா வெள்ளையாப் போகுது. ஆறேழு நாளா."

அது நல்ல செய்தி என்று நினைத்தே சொன்னாள் போலிருந்தது. அதற்குள் மூன்று வட்டம் தள்ளி நின்ற மூக்கம்மாளுக்குக் காதில் விழுந்துவிட்டது.

"அதக் கேக்கணும்னே இருந்தேன் சிஸ்டரு," என்றாள் உரக்க. "எங்களுக்கும் செவப்பாத்தான் போச்சு. ஒடம்புச் சூடோ என்னமோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தோம். அக்கம்மாதான், சத்து மாத்திரை தின்னா அப்படித்தான் போகும்னு சொல்லுச்சு."

"நீங்க எப்படித் தின்னீக?"

"பங்கு வச்சுத்தான். ஒத்தையாத் திங்கிறது எங்க ஜீப்புல கெடையாது. ஒரு முறுக்கப் பிரிச்சாலும் பதினொன்னாப் புட்டுத்தான் திம்போம். தோட்டத்துல அரிசி தீந்துபோச்சு, ஒருநேரக் கஞ்சிதான். நான் மயங்கி விழுந்தேன். அக்கம்மாகிட்ட அரசாங்கத்துச் சத்து மாத்திரை இருக்கேன்னு இவளுகதான் கேட்டாளுக. நல்ல மனசு, இல்லேங்கல. இந்தா, இந்த முத்து இருமிக்கிட்டே கெடக்கான்னு அவளுக்கு மட்டும் நெதமும் ஒன்னு குடுத்துச்சு. அவளுக்குக் கொஞ்சம் கேட்டுச்சே, இல்லடி முத்து?"

முத்துலட்சுமி தலையாட்டினாள். "ரெண்டு வாரம் இருமல் கொறஞ்சுருந்துச்சு. மாத்திரை தீரவும் திரும்ப வந்துருச்சு. எனக்கும் குடுங்க சிஸ்டர்."

இதற்கு மேல் யாரும் எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. தோட்டத்துக் கூலியாட்கள் தங்குகிற லயத்தில், ஒரே அறையில் பதினோரு பேர், இருபத்தைந்து நாள். மூன்று மாத்திரை தின்ன வேண்டியவள் ஒன்று தின்றிருக்கிறாள், பிறகு அதுவும் இல்லை. ஒன்றும் தின்னக் கூடாதவர்கள் தின்றிருக்கிறார்கள். இருமுகிறவள் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அரைகுறை மருந்தைத் தின்று கிருமியை அதற்குப் பழக்கியிருக்கிறாள். பதினான்கு வருஷமாக எதைத் தடுக்க ஊர் ஊராகச் சுற்றினாளோ, அதையெல்லாம் இருபத்தைந்து நாளில் ஒரே அறைக்குள் நடத்தி முடித்தாயிற்று. அதற்கு அவள் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கதவைத் திறந்தார்.

"முகாம்ல எப்படிப் படுக்க வைப்பீக?" என்று வினோத்ராஜைக் கேட்டாள்.

"ஸ்கூல் ஹால்தான். பதினோரு பாய். தொண்டையில ஸ்வாப் எடுத்து அனுப்பிருவோம், ரெண்டு நாள்ல ரிசல்ட் வந்துரும். நெகட்டிவ்னா பிரச்சினை இல்ல."

நெகட்டிவ் என்றால்தான் பிரச்சினை. முத்துலட்சுமிக்குக் கொரோனா இல்லை என்று இரண்டு நாளில் சொல்லிவிடுவார்கள், எல்லோரும் நிம்மதியாகப் பதினான்கு நாள் அவள் பக்கத்தில் படுத்துக்கிடப்பார்கள், பிறகு அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொள்வாள். இனி மறைத்தால் பத்துப் பேருக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் துரோகம். சொன்னால் அக்கம்மாளுக்குத் துரோகம். அக்கம்மாள் எதிரே இருந்தாள், எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கச் சொர்ணலதாவால் முடியவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

"எல்லாரும் கேளுங்க. அது சத்து மாத்திரை இல்ல. டி.பி. மாத்திரை. சத்து மாத்திரைன்னு சொல்லச் சொன்னது நான்தான், அக்கம்மா மேல தப்பு இல்ல. தின்னவுக யாருக்காச்சும் வாந்தி வந்தாலோ கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலோ ஒடனே எனக்குச் சொல்லணும். முத்துவத் தனி ரூம்பில படுக்க வைக்கணும்."

யாரும் கத்தவில்லை. மூக்கம்மாள் மூட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு வட்டம் தள்ளிப் போனாள். மற்றவர்களும் போனார்கள். கொரோனாவுக்கு ஆறடி விடச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் இப்போது யாரும் சொல்லாமலே பன்னிரண்டு அடி விட்டார்கள். சுருளியாண்டி கழுத்தில் மூன்று வாரமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மூணு மணி நேரம் மேடம்," என்றான் சொர்ணலதாவிடம். "நெதமும் மூணு மணி நேரம் எம்பின்னாடி. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

"மாத்திரை தின்ன ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்லயே அக்கம்மாட்ட இருந்து ஒட்டாது தம்பி. அது நல்லா மருந்து தின்ன ஆளு."

"அத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும்ல."

மூக்கம்மாள் தூரத்திலிருந்தே பேசினாள். "ஏத்தா அக்கம்மா, எங்க வாயிலயே கொண்டாந்து போட்டியே."

"நீங்க கேட்டீக," என்றாள் அக்கம்மாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவள் குரல் எழும்பியது. "ஒரு நா இல்லேன்னேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீக. மறுநா ஒருத்தி அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. குடுக்காட்டி என்ன மாத்திரைன்னு கேப்பீக. குடுத்தாக் கேக்க மாட்டீகன்னு குடுத்தேன்."

சொர்ணலதா டாக்டருக்குப் போன் போட்டாள். அவரும் கொரோனா வார்டில் இருந்தார், கவசத்துக்குள்ளிருந்து பேசுகிற குரல் அடைத்துக்கொண்டு வந்தது. பழைய நோயாளிக்கு அதே மருந்தைத் தொடருங்கள், சளி அனுப்புங்கள், கிருமி மருந்துக்குக் கேட்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார். புதுப் பெண்ணுக்குச் சோதனை முடிவு வராமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறது, இனியும் கெடுக்க வேண்டாம். மெஷின் எப்போது திரும்பி வரும் என்று கேட்டாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வேறொரு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

முதல் நடையாக ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு வேன் போயிற்று. இந்த இரண்டு பேரோடு ஒரே வண்டியில் ஏற மாட்டோம் என்று மூக்கம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். வினோத்ராஜும் வற்புறுத்தவில்லை. ரோட்டோரத்தில் அக்கம்மாளும் முத்துலட்சுமியும் மட்டும் அடுத்தடுத்த வட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது.

சொர்ணலதா செய்தித்தாளைப் பிரித்து அட்டையிலிருந்து மூன்று மாத்திரையைப் பிதுக்கி அக்கம்மாள் உள்ளங்கையில் போட்டாள். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். கண்ணெதிரே விழுங்கச் செய்வதுதான் அவள் உத்தியோகம்.

அக்கம்மாள் உடனே விழுங்கவில்லை. "சிஸ்டர், முன்னாடித் தின்னேன்ல நாலு மாசம். பிடிச்சாலும் பிடிக்காட்டியும் ஒரு நா விடாமத் தின்னேன். அதையாச்சும் கணக்குல வச்சுக்குவாகளா?"

"சளியச் சோதிச்சாத்தான்க்கா தெரியும்."

"எப்பச் சோதிப்பாக?"

"தெரியல."

அக்கம்மாள் கையில் இருந்ததைப் பார்த்தாள். பக்கத்து வட்டத்திலிருந்து முத்துலட்சுமி, பேச்சு எதையும் கேட்காதவள் போல, பழக்கத்தில் கையை நீட்டினாள். அக்கம்மாளும் பழக்கத்தில் ஒரு மாத்திரையை எடுத்து அந்தக் கையில் வைக்கப் போனாள். இத்தனைக்குப் பிறகும். சொர்ணலதா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் அக்கம்மாளின் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

"குடுக்கக் கூடாதுக்கா."

"புள்ள இருமுது சிஸ்டர்."

"தெரியுது. குடுக்கக் கூடாது."

அக்கம்மாள் மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். முத்துலட்சுமியின் கை நீட்டினபடியே இருந்தது. மருந்து பையில் இருக்கிறது, நோய் எதிரே இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவைக்க முடியாமல் நிற்கிறோமே என்று சொர்ணலதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாஸ்க் போட்டிருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. பையைத் துழாவிச் சளி எடுக்கிற டப்பா ஒன்றை எடுத்து, மூடியில் பெயரை எழுதி, அந்தக் கையில் வைத்தாள்.

"நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் வாயக் கொப்புளிச்சுட்டு, நல்லா அடியில இருந்து இருமி இதுல துப்பி மூடி வையி."

"எங்கன கொண்டாந்து குடுக்கணும் சிஸ்டர்?"

"நானே வந்து வாங்கிக்கிறேன்," என்றாள் சொர்ணலதா. வாங்கி எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.